படகு பின்னால் போனால் அது பார் இல்லை

2024 நவம்பர் 21ஆம் தேதி, கோவாவுக்கு வடமேற்கே சுமார் 70 கடல் மைல் தள்ளி, ‘மார்த்தோமா’ என்ற மீன்பிடிப் படகும் இந்தியக் கடற்படையின் ‘ஐஎன்எஸ் கரஞ்ச்’ நீர்மூழ்கியும் மோதிக்கொண்டன. படகில் 13 பேர். 11 பேரை மீட்டார்கள். இரண்டு பேர் உயிரோடு கரை சேரவில்லை. வழக்கு, இழப்பீடு, யார் மேல் தவறு என்பதையெல்லாம் நான் பேச வரவில்லை. அதை அதற்குரியவர்கள் பார்க்கட்டும். அந்த வாரம் எங்கள் கரையில் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் ஒரு கேள்வி கேட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“இத்தன கோடி ரூவா கப்பலுக்கு நம்ம போட்டு தெரியாமலால போச்சு?”

தெரியாது என்பதுதான் பதில். பெரிஸ்கோப்பை மேலே நீட்டுகிற கொஞ்ச நேரம் மட்டும்தான் நீர்மூழ்கிக்குக் கண் உண்டு. மற்ற நேரமெல்லாம் அது காதை வைத்து ஓடுகிறது. காதுக்கு எட்டினாலும், எட்டிய சத்தம் எந்தப் படகின் சத்தம், அதன் பின்னால் வலை தொங்குகிறதா இல்லையா என்பதை உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் ஊகிக்க வேண்டும். ஊகம் தப்பினால் விலை கொடுப்பது மேலே இருப்பவன். இதைப் புரிந்துகொண்டால், நம் படகில் நாம் என்ன செய்து வைக்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும்.

நான் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்காரன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாகக் கிடக்கும் ஊர்களில் ஒன்று. எங்கள் ஆட்கள் கொச்சியிலும் கோவாவிலும் மும்பையிலும் படகைப் போட்டுக்கொண்டு, ஆயிரங்கால் தூண்டிலோடு (நீண்ட நரம்பில் வரிசையாக முள் கட்டியது) சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழக்கடலில் தங்கல் கிடப்பவர்கள். நடுவில் சில வருடங்கள் நான் வட அயர்லாந்தில், கில்கீல் துறைமுகத்தில், இறால் டிராலரில் (தரையோடு வலையை இழுத்துப் போகும் படகில்) வேலை பார்த்தேன். (டிரான்சிட் விசாவில் போய் அங்கே உழைப்பதன் கூத்து தனிக் கதை. ‘கப்பல் ஏறப் போகும் மாலுமி’ என்று காகிதம் சொல்லும். கரையில் குடியிருக்க உரிமை கிடையாது. தூக்கமும் சமையலும் படகிலேயே. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) பார் (கடலடிப் பாறை), மூடுபனி, நீர்மூழ்கி என்று மூன்றையும் ஒரே மூச்சில் தொழில் ஆபத்தாகச் சொல்லும் மீனவர்களை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

இதற்குக் காரணம் அந்தக் கடலின் அமைப்பு. பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கிகள் தங்கும் தளம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், கிளைட் வளைகுடாவுக்கு உள்ளே, ஃபாஸ்லேனில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே போக வர நார்த் சேனலும் ஐரிஷ் கடலும் வழி. அதே கடலின் அடியில், கவுண்டி டவுன் கரைக்கும் மேன் தீவுக்கும் நடுவே, பெரிய சேற்றுத் திட்டு ஒன்று கிடக்கிறது. நாங்கள் பிடித்த இறால் நம் ஊர் இறால் அல்ல. நீண்ட கொடுக்கு வைத்தது, சேற்றில் வளை தோண்டி வாழ்வது. சேறு இல்லாத இடத்தில் அது இல்லை. ஆகவே நீர்மூழ்கி வருகிறதென்று மீனவன் வேறு இடம் பார்த்துப் போய்விட முடியாது. கில்கீல், ஆர்ட்கிளாஸ், போர்ட்டவோகி என்று மூன்று துறைமுகத்துப் படகுகளும் அந்த ஒரே திட்டில்தான் மடி (பை போன்ற இழுவலை) இழுக்கும்.

ஆர்ட்கிளாஸ் படகு ஒன்றின் கதை அங்கே எல்லாருக்கும் மனப்பாடம். படகின் பெயர் ‘கேரன்’. 2015 ஏப்ரல் 15, நாலு பேர் இறால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேகம் 2.8 நாட் (மணிக்கு 2.8 கடல் மைல்). திடீரென்று படகு நின்றது. நின்றதோடு விடவில்லை, கயிற்றில் கட்டி இழுத்த ஆட்டுக்குட்டியாய்ப் பின்னோக்கிப் போக ஆரம்பித்தது, சுமார் 7 நாட் வேகத்தில். அந்த அளவுப் படகுகள் மடியைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு ஓடும் வேகமே எட்டு, ஒன்பதுதான். ஆட்கள் வலை வயரைச் சுற்றும் விஞ்சின் இரண்டு பிரேக்கையும் தளர்த்திவிட்டார்கள். வலப்பக்க வயர் முழுவதும் ஓடி டிரம்மைவிட்டே கழன்று போனது. இடப்பக்க வயர் டிரம்மில் சிக்கி நின்றுவிட்டது. படகு பலமாகச் சாய்ந்து அமரம் (படகின் பின்பக்கம்) தண்ணீருக்குள் போயிற்று. அந்த நேரம் சிக்கிய வயர் அறுந்தது. படகு நிமிர்ந்தது. நாலு பேரும் பிழைத்தார்கள்.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2016இல் அறிக்கை வெளியிட்டது. நீர்மூழ்கியின் ஆணைக் குழு ‘கேரன்’ படகை வலை இல்லாத ஒரு சரக்குக் கப்பல் என்று எடுத்துக்கொண்டது. ஆகவே மோதல் ஆபத்து இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை, விலகிப் போகவும் இல்லை என்பது அதன் சாரம். படகின் சத்தம் கேட்டிருக்கிறது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். சரக்குக் கப்பலாக இருந்தால் ஆழத்தில் அதன் அடியில் நுழைந்து போகலாம். பின்னால் ஒன்றும் தொங்காது. டிராலரின் பின்னாலோ நூற்றுக்கணக்கான மீட்டர் எஃகு வயர், மடியின் வாயை விரிக்கும் இரண்டு பலகை, மடி எல்லாம் தரைவரை இறங்கியிருக்கும். ‘நம் படகு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்’ என்ற நம்பிக்கை எவ்வளவு பயனற்றது என்பதை இந்த ஒரு வழக்கு போதுமான அளவு காட்டுகிறது.

‘கேரன்’ ஆட்களுக்கு இருந்த அதிர்ஷ்டம் ‘ஆன்டாரெஸ்’ ஆட்களுக்கு இல்லை. 1990 நவம்பர் 22, கிளைட் வளைகுடாவில் ஆரன் தீவுக்கு அருகே, கேரடேல் ஊர்ப் படகு அது. நீர்மூழ்கிக் கேப்டன்களைப் பயிற்றுவிக்கும் பாடத்துக்காக ஓடிக்கொண்டிருந்த ‘எச்எம்எஸ் டிரென்சன்ட்’ அதன் வயர்களில் மாட்டி இழுத்ததில் படகு மூழ்கியது. நாலு பேரும் செத்தார்கள். டிரென்சன்ட் மூழ்கி ஓடும்போது ஐயாயிரம் டன்னுக்கு மேல் எடை. அப்படிப்பட்ட ஒன்று இழுக்கும்போது சின்னப் படகின் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி எதிர்த்துப் பார்ப்பதில் அர்த்தமே கிடையாது.

எங்கள் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) இதையெல்லாம் கதையாகச் சொல்லவில்லை. நான் ஏறிய அன்று, படுக்கை எது என்று காட்டுவதற்கு முன்னாலேயே விஞ்ச் அருகே கூட்டிக்கொண்டு போய், பிரேக் சக்கரத்தில் என் கையை வைக்கச் சொன்னார். எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் தளரும், எத்தனை திருகில் வயர் ஓட ஆரம்பிக்கும் என்று செய்து காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். எஞ்சின் நின்று, விளக்கும் போய், படகு சாய்ந்து கிடக்கும்போது கைக்குத்தான் வழி தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. படகில் இருந்த கானாக்காரர், பிலிப்பினோ, நான் எல்லாருக்கும் அதே பாடம். சமையல்காரனுக்கும் சேர்த்து.

அவர் சொன்ன இன்னொன்றைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன். வலை தரையில் எதிலாவது மாட்டினால் படகு நிற்கும். நின்றால் அது பார், அல்லது பழைய கப்பல் உடைசல். நின்ற படகு பின்னால் போக ஆரம்பித்தால் அது பார் இல்லை. அப்போது யோசிக்க எதுவும் கிடையாது. இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் முழுசாக விடு. என்னைக் கேட்காதே, என் உத்தரவுக்குக் காத்திருக்காதே என்றார். ஸ்கிப்பர் கேபினில் தூங்கும் நேரமாகவும் அது இருக்கலாம் அல்லவா.

நீர்மூழ்கி எங்கள் வலையில் மாட்டியதில்லை. உடைசல் மாட்டியிருக்கிறது. ஐரிஷ் கடலின் அடியில் இரண்டு உலகப் போர்களின் கப்பல்கள் ஏராளம். ஒரு மார்ச் மாத விடியலில், எலும்பைத் துளைக்கும் கிழக்குக் காற்றில் நாங்கள் மேல்தட்டில் இறாலின் தலையைத் திருகி வாலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். முதலில் மாறியது எஞ்சின் சத்தம். பிறகு வயர் இரண்டும் வீணைக் கம்பி கணக்காய் ரீங்கரித்தன. அமரம் தாழ்ந்தது, தண்ணீர் ஓட்டைகள் வழியாக உள்ளே ஏறியது. ஸ்கிப்பர் உடனே எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். அதே நொடியில் பிலிப்பினோவும் நானும் ஆளுக்கொரு பிரேக்கைத் தளர்த்தினோம், ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு, ஒரே அளவாக. அமரம் மேலே வந்தது. அதற்குப் பிறகுதான் அவர், படகின் இடத்தையும் வேகத்தையும் காட்டும் பிளாட்டர் திரையைப் பார்த்தார். வேகம் சைபர். படகுச் சின்னம் அசையவில்லை. “தரைதான்” என்றார். ஒரு சிகரெட் பற்றவைத்தார். அதன் பிறகு மெதுவாக வயரைச் சுற்றி, உடைசலுக்கு நேர் மேலே வந்து, அலை அடங்கும் இடைவெளி பார்த்துப் பார்த்துத் தூக்கினார். மடியில் பாதி கிழிந்து வந்தது.

எஞ்சின் நியூட்ரலில் இருக்க, பிளாட்டரில் நாலோ ஐந்தோ நாட் வேகம் காட்டி, படகின் அணியம் (முன்பக்கம்) ஒரு திசையும் அது நகரும் திசை எதிர்த்திசையுமாக இருந்தால், அதைத்தான் பின்னால் போவது என்கிறேன். இருட்டிலும் பனியிலும் கண்ணால் தெரியாது. பிளாட்டரில் உடனே தெரியும்.

ஒரு பிரேக்கை மட்டும் விடுவது எதையும் விடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். இழுவை முழுவதும் ஒரு மூலைக்குப் போய், படகு பக்கவாட்டில் கவிழ வழி பார்க்கும். ‘கேரன்’ சாய்ந்தது அப்படித்தான். அந்த இடப்பக்க வயர் டிரம்மில் ஏன் சிக்கியது என்பதைப் பற்றி எங்கள் படகில் நிறையப் பேசியிருக்கிறோம். டிரம்மில் வயரைச் சுற்றும்போது கவனம் இல்லையென்றால் ஒரு சுற்று இன்னொரு சுற்றுக்கடியில் புதைந்துவிடும். பலமாக இழுக்கும்போது அந்த இடத்தில் அது கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை எவ்வளவு விட்டாலும் வயர் வராது. ஆகவே வயரைச் சீராக, வரிசை வரிசையாகப் படியச் சுற்றுவதை அங்கே அழகுக்காகச் செய்வதில்லை. குளிரில் விரல் மரத்துப்போய், இன்னும் ஒரு இழுப்பு போட்டுவிட்டுத் தூங்கலாம் என்றிருக்கும் நேரத்தில் அதைச் செய்யத் தோன்றாது. ஸ்கிப்பர் நின்று பார்த்தார், அதனால் செய்தோம். இதோடு சேர்ந்தது இன்னொன்று: வயரின் கடைசி முனையை டிரம்மில் எப்படிக் கட்டியிருக்கிறீர்கள்? நம் ஊர் விசைப்படகுகளில் வயர் போய்விடக் கூடாதென்று கிளாம்பு மேல் கிளாம்பாக இறுக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். முழு இழுவை வந்தால் கழன்று ஓடும் அளவுக்குத்தான் அது இருக்க வேண்டும்.

வலையை விடுவதற்கு மனசு வராது என்பதுதான் உண்மையான தடை. ஒரு செட் வலையும் பலகையும் வயரும் பல ஆயிரம் பவுண்டு. நம் ஊரில் பல லட்சம். சிராங்குக்கு (நம் ஊர் ஸ்கிப்பருக்கு) முதலாளி முகம் ஞாபகம் வரும். தட்டில் நிற்கிறவனுக்கு சிராங்கு முகம் ஞாபகம் வரும். இப்படி முகம் பார்த்துத் தயங்கும் பத்து நொடியில் அமரம் உள்ளே போய்விடும். இதற்கு ஒரே மருந்து, கடலுக்குப் போவதற்கு முன்னாலேயே, கரையில் வைத்து, முதலாளி தன் வாயால் எல்லா ஆட்களிடமும் சொல்லிவிடுவது: படகு பின்னால் போனால் வலையை விட்டுவிடு, உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அவர் சொல்லவில்லை என்றால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். சொல்ல மறுக்கும் முதலாளியிடம் வேலைக்குப் போகலாமா என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது. நான் போக மாட்டேன்.

நீர்மூழ்கியை நினைத்து மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 2004 ஜனவரி 15இல் கார்ன்வால் கரைக்கு வெளியே பிரெஞ்சு டிராலர் ‘பூகலெட் பிரேஸ்’ மூழ்கி ஐந்து பேர் இறந்தபோது, நீர்மூழ்கிதான் இழுத்தது என்று குடும்பத்தார் பல வருடம் போராடினார்கள். 2021 நவம்பரில் லண்டன் விசாரணை மன்றம் நீர்மூழ்கிக்குத் தொடர்பில்லை, வலை கடலடியில் மாட்டியதே காரணம் என்று முடிவு சொன்னது. அந்த முடிவைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. எது இழுத்திருந்தாலும் தட்டில் இருந்தவர்கள் செய்திருக்க வேண்டியதில் வித்தியாசம் ஒன்றுமில்லை என்பதுதான் தொழில்காரனாக எனக்குப் படுவது. மிகக் குறைந்த நேரத்தில் போன படகு அது.

வேகமாக மூழ்குவதற்கு முக்கியக் காரணம் திறந்து கிடக்கும் கதவுகள். நம் படகுகளில் எஞ்சின் ரூம் வாயை யாரும் மூடுவதில்லை. உள்ளே வெக்கை, மூடினால் எஞ்சின் சூடாகிவிடும் என்ற பயம். அந்த வாய் பெரும்பாலும் அமரத்துப் பக்கம்தான் இருக்கும். அமரம் ஒருமுறை தாழ்ந்தால் முதலில் தண்ணீர் நுழைவது அதற்குள். காற்றுக்கு உயரமான குழாய் வைத்துக்கொண்டு கதவை மூடி வைப்பது பெரிய செலவில்லை. மீன் அறை மூடியும் அப்படித்தான்: ஐஸ் எடுக்க, மீன் போட என்று திறந்தால் திறந்தபடி கிடக்கும்.

வயர் இறுகும்போது அதன் நேர்ப்பாதையில் ஆள் நிற்கக் கூடாது என்பதை நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அறுந்த வயர் திரும்பி வரும் வேகத்தை ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான்.

‘ஆன்டாரெஸ்’ சாவுகளுக்குப் பிறகு அந்தக் கடலில் ஒரு ஏற்பாடு பலப்பட்டது. ‘சப்ஃபேக்ட்ஸ்’ என்று பெயர். எந்தெந்தப் பெயர் வைத்த கட்டங்களில் நீர்மூழ்கி மூழ்கிப் பயிற்சி செய்யப் போகிறது என்பதைக் கடலோரக் காவல் நிலையம் விஎச்எஃப் ரேடியோவிலும் நாவ்டெக்ஸ் எழுத்துச் செய்தியிலும் அறிவிக்கும். காலநிலை அறிவிப்புக்கு அடுத்து அது வரும். எங்கள் ஸ்கிப்பர் அந்தக் கட்டங்களைப் பிளாட்டரில் கோடு போட்டு வைத்திருந்தார். அறிவிப்பில் பெயர் வந்தால் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்குவார். ஆனால் அவர் இதை முழுதாக நம்பியதில்லை. பயிற்சிக்கு அறிவிப்பு உண்டு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ரகசியமாகப் போகும் நீர்மூழ்கி யாருக்கும் சொல்லிவிட்டுப் போகாது.

இப்போது நம் பக்கம் வருகிறேன்.

ஆயிரங்கால் தூண்டில் போடும் எங்கள் படகுக்கு ஆபத்து வேறு மாதிரி. எங்கள் பின்னால் தரைவரை வயர் இறங்குவதில்லை. கங்கூஸ் (நைலான்) நரம்பு மாட்டினால் அறுந்துவிடும், படகை இழுத்துக்கொண்டு போகாது. 2024இல் அதே நவம்பரில் நார்வேயின் வடக்கே ஒரு பத்து மீட்டர் படகுக்காரர் போட்டு வைத்த வலையை அமெரிக்க நீர்மூழ்கி ‘யுஎஸ்எஸ் வர்ஜினியா’ சுருட்டிக்கொண்டு போனது. வலை போயிற்று, ஆளுக்கு ஒன்றும் இல்லை. வலை படகோடு கட்டியிருக்கவில்லை என்பதால்தான்.

எங்களுக்கு ஆபத்து படகின் மேலேயே முட்டுவது. தூண்டிலை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்துப் படகை நீவாட்டோடு (நீரோட்டத்தோடு) விட்டுவிடுவோம். டீசல் மிச்சம், ஆட்களுக்குத் தூக்கம். ஆழத்தில் காதைத் தீட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அந்த நேரத்தில் நாம் இல்லவே இல்லை. எஞ்சின் இல்லை, சுழலும் விசிறி இல்லை, சத்தம் இல்லை. போதாததற்கு, மேல்தண்ணி சூடாகவும் கீழ்த்தண்ணி குளிராகவும் இருக்கும் கடலில் சத்தம் நேராகப் போகாது, வளைந்து போகும். மேலே ஓடும் கப்பலின் சத்தம்கூடக் குளிர்த்தண்ணிக்குக் கீழே இருப்பவனுக்கு மங்கித்தான் கேட்கும். எந்த ஆழத்தில் குளிர்த்தண்ணி தொடங்குகிறது என்பது சூரைக்குத் தூண்டில் இறக்கும் நமக்கு நன்றாகவே தெரியும். அந்த எல்லையைத் தாண்டி மேலே வந்து பெரிஸ்கோப்பை நீட்டும்வரை அவனுக்கு நாம் தெரியாமலே இருக்கலாம்.

அதனால் நான் இப்போது ஓடும் படகில், அணைத்துக் கிடக்கும் நேரத்திலும் ஜெனரேட்டரையும் எக்கோ சவுண்டரையும் ஓடவிடுகிறோம். எக்கோ சவுண்டர் தண்ணீருக்குள் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும் கருவி; அருகே வரும் நீர்மூழ்கிக்கு அது கேட்க வாய்ப்பு உண்டு. உத்தரவாதம் இல்லை. ஆனால் முழு அமைதியைவிட மேல். ஆளும் ஒருவர் கட்டாயம் விழித்திருக்கிறார். இதற்கு ஆரம்பத்தில் வந்த எதிர்ப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம்.

“ஏஐஎஸ் இருக்கே, அது காட்டிக்கொடுக்காதா?” என்று இளம் பையன்கள் கேட்கிறார்கள். ஏஐஎஸ் என்பது நம் படகின் பெயரையும் இடத்தையும் ரேடியோவில் சுற்றியுள்ள கப்பல்களுக்குச் சொல்லும் கருவி. அதன் ரேடியோ அலை கடல்தண்ணிக்குள் இறங்காது. ஆன்டெனா மேலே இருக்கும்போதுதான் நீர்மூழ்கிக்கு அது கிடைக்கும். ஆழத்தில் இருக்கும்போது நம் ஏஐஎஸ் அவனுக்கு இல்லாததற்குச் சமம். அதற்காக அணைத்துவிடாதீர்கள். நம்மை இடித்துவிட்டுப் போவதில் நீர்மூழ்கியைவிடச் சரக்குக் கப்பல்தான் முன்னால் நிற்கிறது. 2018 ஆகஸ்டில் முனம்பத்துக்கு வெளியே ‘ஓஷியானிக்’, 2021 ஏப்ரலில் மங்களூருக்கு வெளியே ‘ரபா’: இரண்டிலும் போனது எங்கள் மாவட்டத்து உயிர்களும்தான். சரக்குக் கப்பலின் திரையில் நம்மைக் காட்டுவது ஏஐஎஸ்தான். அரசு பொருத்தித்தரும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டரும் வேண்டும், ஆனால் அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும் கருவி; பக்கத்தில் வரும் கப்பலுக்கு உங்களைக் காட்டாது.

பெரிஸ்கோப்பை நீட்டுகிறவன் சில நொடிகள் சுற்றிப் பார்த்து ஒவ்வொரு விளக்கையும் என்னவென்று முடிவு செய்ய வேண்டும். அவனுக்கு நாம் செய்யும் உதவி சரியான விளக்கு. இழுவலை என்றால் பச்சை மேலே, வெள்ளை கீழே. மற்ற மீன்பிடிப்புக்கு சிவப்பு மேலே, வெள்ளை கீழே. பகலில் நுனியோடு நுனி சேர்ந்த இரண்டு கூம்பு. தொழில் செய்யாமல் ஓடும்போது இந்த விளக்கை அணைக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் எரியவிட்டால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். நம் படகுகளில் கோயில் கொடைக்குக் கட்டிய மாதிரி நீலமும் ஊதாவும் எல்இடி தொங்கவிடும் பழக்கம் வந்திருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அதற்குள் எது சிவப்பு, எது பச்சை என்று பிரியாது.

நாமும் அவனைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே மிதந்து ஓடும் நீர்மூழ்கியின் விளக்குகள் தண்ணீருக்கு மிக அருகில், ஒன்றோடொன்று நெருக்கமாக இருக்கும். சின்ன வள்ளம் என்றுதான் தோன்றும். கூடவே மஞ்சள் விளக்கு வேகமாக மின்னினால் சந்தேகப்படுங்கள். ரேடாரிலும் சின்னப் புள்ளிதான். மூழ்கியிருக்கும் நீர்மூழ்கி அவசரமாக மேலே வர வேண்டியிருந்தால் சிவப்பு வெடியோ சிவப்புப் புகையோ மேலே அனுப்பும். அதைப் பார்த்தால் எஞ்சினை அணைக்கக் கூடாது. பயத்தில் அணைக்கத்தான் கை போகும். நம் விசிறிச் சத்தத்தை வைத்துத்தான் அவன் நம்மைத் தவிர்க்க முடியும். எஞ்சினை ஓடவிட்டபடியே அந்த இடத்தைவிட்டு விலகி, உதவிக்குக் கூப்பிடும் தூரத்தில் நில்லுங்கள். அடியிலிருந்து வேகமாக மேலே வரும் நீர்மூழ்கி என்ன செய்யும் என்பதற்கு 2001 பிப்ரவரி 9 சாட்சி: ஹவாய்க் கடலில் ‘யுஎஸ்எஸ் கிரீன்வில்’ மேலே பாய்ந்து வந்து, ஜப்பானிய மீன்பிடிப் பள்ளி மாணவர்கள் இருந்த ‘எஹிமே மாரு’ கப்பலின் அடியில் மோதியது. 35 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

நம் கடலில் கடற்படையின் பயிற்சி அறிவிப்புகள் மீன்வளத் துறை வழியாக வருகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக, ஆங்கிலத்தில், வாட்ஸ்அப்பில் ஒருவர் தள்ள இன்னொருவர் தள்ள, கடைசியில் யாரும் படிக்காத படமாக. எங்கள் கூட்டத்துப் படகுகளில் இப்போது ஒரு பையன் அதைப் பார்த்துப் பிளாட்டரில் புள்ளி வைத்து, ‘இன்ன பாருக்கு மேற்கே’ என்று நம் பாஷையில் குரல் பதிவு போடுகிறான். அதன் பிறகு எல்லாரும் கேட்கிறார்கள். கடல் வரைபடங்களில் நீர்மூழ்கிப் பயிற்சிப் பகுதிகளுக்கென்று தனி அடையாளம் உண்டு. போன் செயலிகளில் அதைத் தேடாதீர்கள். துறைமுகத்தில் யாரிடமாவது இருக்கும் காகித வரைபடத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உயிர்ச்சட்டை பற்றிச் சொன்னால் நம் ஆட்கள் சிரிப்பார்கள், அதனால் சுருக்கமாக. கில்கீலில் தட்டில் கால் வைத்தாலே கட்ட வேண்டும். 2018க்குப் பிறகு அது சட்டம். தலையணையாகப் பயன்படும் ஆரஞ்சு மூட்டையைச் சொல்லவில்லை. தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் ஒல்லியான பட்டி, வேலைக்கு இடைஞ்சல் இல்லாதது. விலை அதிகம்தான். அதை வாங்க முடியாவிட்டாலும், ராத்திரி விழித்திருப்பவனாவது ஏதாவது ஒன்றைக் கட்டியிருக்கட்டும். ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியைக் கேபினுக்குள் பூட்டி வைக்காதீர்கள். திடீரென்று கவிழும் படகின் கேபினுக்குள் யாரும் திரும்பிப் போக முடியாது. போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554. அத்தனை தூரத்தில் சிக்னல் இருக்காது, விஎச்எஃப் ரேடியோவின் சேனல் 16தான். அதனால்தான் ஒருவர் குரல் ஒருவருக்கு எட்டும் தூரத்தில் கூட்டமாகத் தொழில் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

தப்பிப் பிழைத்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 1982 ஏப்ரலில் ஐரிஷ் கடலில் ‘ஷெரால்கா’ என்ற படகை ‘எச்எம்எஸ் பார்பாய்ஸ்’ இழுத்து மூழ்கடித்தது, ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். பிரிட்டன் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. ‘கேரன்’ விஷயத்தில் ஏப்ரலில் நடந்ததைக் கடற்படை ஒப்புக்கொண்டது செப்டம்பரில். நடுவில் இருந்த மாதங்களில் அந்த மீனவர்கள் கையில் இருந்தது அவர்கள் வாய்மொழியும், அறுந்த வயர் முனையும், பிளாட்டரில் பதிவான தடமும்தான். நமக்கோ பிளாட்டர் தடத்தை அழிக்கும் பழக்கம் உண்டு, மீன் கிடைத்த இடம் அடுத்தவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று. எது தட்டினாலும் சரி, அன்றைய தடத்தை அழிக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், நேரத்தை எழுதுங்கள், திரையைப் போனில் படம் எடுத்து உடனே கரைக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். அறுந்த வயரைப் புதிதாகக் கோப்பதற்கு முன் அந்த முனையை ஒரு முழம் வெட்டிச் சாக்கில் சுற்றி வையுங்கள். படகில் உரசிய பெயின்ட் இருந்தால் கழுவ வேண்டாம். துறைமுகத்துக்கு வந்ததும் முதல் வேலையாக, முதலாளியைப் பார்ப்பதற்கும் முன்னால், நாலு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து நடந்ததைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒன்றாக உட்கார்ந்து பேசி எழுதினால் நாலும் ஒரே மாதிரி இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அதில்தான்.